இரண்டாம் செவ்வாய்

தீபாவளிக்கு வரச் சொன்னால்
அண்ணனுக்குச் சிறப்புப் பேருந்து.
பொங்கல் என்றால் தம்பிக்கு
மல்லி கிலோ மூவாயிரத்தைத் தொடும் வாரம்,
கமிஷன் கடையை விட்டு நகர முடியாது.
அழகர் ஆற்றில் இறங்கும் அன்று
ஊரே ஒன்றாய்ச் சேரும்.
எனக்கு அவசரப் பிரிவில்
வெயிலில் மயங்கியவர்களின் வரிசை.
பண்டிகை என்பது எங்கள் வீட்டில்
யாரும் இல்லாத நாள்.

கடைசியாக மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது
ஒத்தக்கடை பத்திர ஆபீஸில்.
ஒரு பேனா மூன்று கை மாறியது.
ஒரு வார்த்தை மாறவில்லை.
அப்பாவின் இரண்டேகால் சென்ட்
ஆளுக்கொரு தொகையாகி
ஆளுக்கொரு வங்கிக்குப் போனது.
நாலு வருஷம்.

மாயழகுதான் கண்டுபிடித்தான்.
பள்ளிக்கூடத்தில் மீச்சிறு பொது மடங்கு போட்ட மாதிரி
மூன்று பேர் ஷிப்டையும்
பூக்கட்டு ரசீதின் பின்பக்கம் எழுதி
அடித்து, வகுத்து,
ராத்திரி பத்தரைக்கு எனக்குப் போன் செய்தான்:
"யக்கா, சோணையண்ணன் நாகர்கோவில் வண்டி
ரெண்டாம் செவ்வாய் ஒண்ணு நாப்பதுக்கு
மாட்டுத்தாவணி வருது.
இருபத்திரண்டு நிமிஷம் நிக்கும்.
மார்க்கெட்ல இருந்து நான் நடந்தா ஆறு நிமிஷம்.
நீ வண்டி எடுத்துட்டு வந்துரு."

தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்வார்கள்.
யார் தூங்கவில்லை என்று
யாரும் கேட்பதில்லை.

நெத்திலிக் கருவாடு வறுத்து எடுத்துப் போனேன்.
இந்நேரத்துக்குக் கருவாடா என்றார் வீட்டுக்காரர்,
ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

அண்ணன் இறங்கினான்.
கண் செம்பருத்தியாய் இருந்தது.
என்னைப் பார்த்தான், அவனைப் பார்த்தான்,
"பத்து நிமிஷம் கண்ண மூடிக்கிறேன்,
கோவிச்சுக்கிறாதீங்கப்பா" என்றான்.

டீக்கடைக்குப் பின்னால் சிமெண்ட் பெஞ்ச்.
தலைக்கு மாயழகின் காலிப் பூச்சாக்கு.
டியூப் லைட் முகத்தில் விழாதபடி
தம்பி குறுக்கே போய் நின்றான்.
நாற்பது வயதுக்காரன் மேல்
முப்பத்திநாலு வயது நிழல்.

பேசத்தான் வந்தோம். அவன் தூங்கினான்.
நாங்கள் கிசுகிசுவென்று பேசினோம்,
குழந்தை தூங்கும் வீட்டில் பேசுவது போல.
என் பெரியவள் காது குத்து.
அவன் வட்டிக்கடை.
பிறகு அது தானாக வந்தது:
"ஒனக்குக் கம்மியாத்தான் வந்துச்சுன்னு
எனக்கு அன்னைக்கே தெரியும்டா."
அவன் டீ கிளாஸின் அடியைப் பார்த்தபடி,
"ஒனக்குத் தெரியும்னு
எனக்கும் தெரியும்க்கா."
அவ்வளவுதான்.
தேனி பஸ் ஒன்று ரிவர்ஸ் எடுத்தது.
அண்ணனின் இமை அசைந்தது.
கேட்டானோ, கனவோ.

பன்னிரண்டாம் நிமிஷம் தோளைத் தொட்டேன்.
எழுந்தவன் நேராக டப்பாவைத்தான் திறந்தான்.
கருவாட்டை மென்றுகொண்டே
"என்ன பேசுனீங்க?"
"ஒன் கொறட்டையப் பத்தி."
சிரித்தபோது
பூச்சாக்கின் கோடு கன்னத்தில் பதிந்திருந்தது,
ஒரு மல்லி மொட்டு
காதோரம் ஒட்டியிருந்தது.
நாங்கள் சொல்லவில்லை.

கண்டக்டர் விசில்.
"ஸ்டியரிங்க தொடுறதுக்கு முன்னால கையக் கழுவுங்க சார்,
ஏசி வண்டி."
முப்பத்தாறு பேர் உள்ளே உறங்கினார்கள்.
மேலூர் தாண்டி, திருச்சி தாண்டி
அவர்களைக் கொண்டுபோகப் போவது
எங்கள் காவலில் தூங்கிய தூக்கம்
என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஸ்கூட்டரை எடுக்கும்போது தம்பி கூப்பிட்டான்.
"யக்கா, அடுத்த மாசம் செவ்வாய்க்கு மறுநாள் முகூர்த்தம்.
என்னால மார்க்கெட்ட விட்டு நகர முடியாதே."
"நாங்க அங்கிட்டு வர்றோம்டா."
விரலை மடக்கினான்.
"அண்ணன் நடக்கணும். வர ஆறு, போக ஆறு.
மிச்சம் பத்துதான்."

பத்து கிடக்கிறது.
அதில் அவன்
நின்றுகொண்டே கூடத் தூங்கட்டும்.